பேட்ரிக் ரசல்

பேட்ரிக் ரசல் (பெப்ரவரி 6, 1727 – சூலை 2, 1805) இசுக்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் இயற்கையியலாளரும் ஆவார். சோழமண்டலக் கடற்கரையில் வாழும் பாம்புகளை முறையாகத் திரட்டி, அவற்றுள் நஞ்சுள்ளவை எவை, நஞ்சற்றவை எவை எனச் சோதனைகளின் வழியே பிரித்துக் காட்டிய முதல் ஐரோப்பியர் இவரே எனலாம். இந்தியப் பாம்பியலின் தந்தை என்றும் இவர் குறிப்பிடப்படுகின்றார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும் இவரது பெயரைக் கொண்டு அமைந்தவையாகும்.

சில நூல்களில் இவரது பிறந்த ஆண்டு 1726 என்று காணப்படும். 

இளமையும் அலெப்போ வாழ்வும்

ரசல் எடின்பரோவில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். அந்நகரிலேயே மருத்துவம் பயின்றார். இவருடைய மாற்றாந்தாய்வழி அண்ணன் அலெக்சாண்டர் ரசல் சிரியாவின் அலெப்போ நகரில் ஆங்கிலேய வணிகர்களுக்கு மருத்துவராக இருந்தவர். தம்பியும் அங்குச் சென்று, 1753-இல் அண்ணனின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர் ஆளுநர் இவர்மீது கொண்ட மதிப்பால், ஐரோப்பியருக்கு எளிதில் கிட்டாத சிறப்பாகத் தலைப்பாகை அணியும் உரிமையை இவருக்கு அளித்தார். 1760 முதல் 1762 வரை அலெப்போவைக் கொள்ளை நோய் தாக்கியபோது ஊரைவிட்டு நீங்காது நோயாளிகளைக் கவனித்தார். அப்பட்டறிவின் பயனாகக் கொள்ளை நோய் பற்றிய பெரிய நூலொன்றை 1791-இல் வெளியிட்டார். அண்ணன் எழுதிய அலெப்போவின் இயற்கை வரலாற்றையும் விரிவாக்கி 1794-இல் மறுபதிப்புச் செய்தார். 1777-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

சோழமண்டலக் கரையில்

ரசலின் தம்பி கிளாட் ரசல் கிழக்கிந்தியக் கம்பனியின் அலுவலராக விசாகப்பட்டினத்தில் அமர்த்தப்பட்டார். 1781-இல் தம்பியுடன் இவரும் இந்தியா வந்தார். அப்பொழுது இவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பலரும் ஓய்வை நாடும் அகவையில்தான் இவர் பாம்புகளைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னை அரசின் இயற்கையியலாளராக இருந்த யோகான் கெர்கார்டு கோனிக் 1785-இல் இறந்தார். தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து தென்னிந்தியத் தாவரவியலுக்கு அடித்தளமிட்டவர் அவர். அவருடைய பதவி ரசலுக்குக் கிடைத்தது. கோனிக்கின் நாட்டம் பெரிதும் செடிகொடிகளின் மீது இருந்தது. ரசலோ பாம்புக்கடியை முதன்மைப்படுத்தினார். அதற்குக் காரணம் இருந்தது. வயலிலும் வழியிலும் மக்கள் கடிபட்டு இறந்துகொண்டிருந்தனர். கம்பனியின் மருத்துவர்களுக்கோ கடித்த பாம்பு எது என்றும் தெரியாது, அது நஞ்சுடையதா என்றும் தெரியாது. எல்லாப் பாம்பும் கொல்லும் என்ற அச்சம் ஒருபுறமும், எதையும் முறிக்கும் மருந்து உண்டு என்ற நம்பிக்கை மறுபுறமும் நிலவின.

நச்சுப் பாம்பை அடையாளம் காண்பது எப்படி?

இக்கேள்வியே ரசலின் பணிக்கு மையமாகும். பாம்பின் வயிற்றுச் செதில்களையும் வால் செதில்களையும் எண்ணி இனம் பிரிக்கும் முறையை லின்னேயசு வகுத்திருந்தார். ஒரே இனத்தின் வெவ்வேறு பாம்புகளில் இந்த எண்ணிக்கை மாறுவதை ரசல் கண்டார். எனவே உயிர்காக்க வேண்டிய முடிவுக்கு அதை மட்டும் நம்ப இயலாது என்று கொண்டு, பாம்பின் வாயைத் திறந்து நச்சுப்பற்களைத் தேடினார். பல்லையும் நச்சுச் சுரப்பியையும் அறுத்து ஆராய்ந்தார். ஐயம் எஞ்சியபோது, கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு, என்ன நேர்ந்தது என்பதை நிமிடக்கணக்கில் குறித்துக்கொண்டார். இன்றைய அளவுகோலில் இச்சோதனைகள் கொடுமையானவையே. ஆயினும் நல்ல பாம்பின் நஞ்சும் விரியனின் நஞ்சும் எவ்வாறு செயற்படுகின்றன என்பதற்குக் கிடைத்த மிகப் பழைய ஒழுங்கான பதிவுகளுள் அவை அடங்கும்.

கண்ணாடி விரியனை இவர் கட்டுக ரெகுல பொட என்னும் தெலுங்குப் பெயரால் குறித்தார். நல்ல பாம்பிற்கு அடுத்தபடியாக அஞ்சத்தக்கது இதுவே என்றார். இவ்விரண்டின் நஞ்சும் வெவ்வேறு வழியில் இரையை வீழ்த்துகின்றன. நல்ல பாம்பின் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்து மூச்சை நிறுத்துகின்றது. கண்ணாடி விரியனின் நஞ்சோ குருதி உறைதலைக் குலைக்கின்றது. முதலில் குருதிக் குழாய்களுக்குள் உறைவை ஏற்படுத்தி, உறைபொருட்கள் தீர்ந்தபின் குருதி உறையாமல் கசியச் செய்கின்றது. எலியைக் கடித்தவுடன் விட்டுவிட்டு, பின்னர் அதன் மணத்தைத் தொடர்ந்து சென்று விழுங்குவது விரியனின் இயல்பாகும். எலியை வீழ்த்த அமைந்த இந்நஞ்சே மனிதரின் சிறுநீரகங்களையும் பழுதாக்குகின்றது.

தஞ்சாவூர் மாத்திரை

அந்நாளில் பாம்புக்கடிக்குத் தஞ்சாவூர் மாத்திரை என்றொரு மருந்து பெரும்புகழ் பெற்றிருந்தது. வெள்ளைப் பாடாணம், பாதரசம், நேர்வாளம், மிளகு முதலியன சேர்ந்த கடுமருந்து அது. கம்பனி அலுவலர்களும் அதை நம்பி வாங்கி வைத்தனர். ரசல் அதைப் புறந்தள்ளாமல், புகழையும் அப்படியே ஏற்காமல் சோதித்தார். உறுதியாக நம்பத்தக்க பயன் எதையும் அவரால் காண இயலவில்லை. கடித்த பாம்பு நஞ்சற்றதாகவோ, நஞ்சு குறைவாகவே ஏறியதாகவோ இருந்தால் நோயாளி எந்த மருந்தும் இன்றியே பிழைப்பார். புகழ் மட்டும் மருந்திற்குச் சேரும். எந்தப் பாம்பு என்று தெரியாமல் எந்த மருந்தையும் மதிப்பிட முடியாது என்னும் இத்தெளிவே ரசலின் மிகப்பெரிய கொடை எனத் தோன்றுகின்றது. நஞ்சுப் பாம்புகளைப் பிரித்தறிவது பற்றிய இவரது குறிப்பைச் சென்னை அரசு 1787-இல் அச்சிட்டது.

நூல்களும் பெயர்களும்

1789-இல் ரசல் நாடு திரும்பினார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வில்லியம் ராக்சுபரோ வந்தார். சோழமண்டலக் கரையின் பாம்புகள் பற்றிய ரசலின் பெரிய நூலின் முதல் தொகுதி கம்பனியின் செலவில் 1796-இல் வெளிவந்தது. இரண்டாம் தொகுதி 1801 முதல் பகுதி பகுதியாக வந்து, இவர் இறந்தபின் 1809-இல் நிறைவுற்றது. விசாகப்பட்டினத்து மீன்கள் இருநூறு பற்றிய நூல் 1803-இல் வெளியானது. இந்நூல்களின் படங்களுக்கு இந்திய ஓவியர்களின் கை உதவியது. பாம்புகளைப் பிடித்துக் கொணர்ந்தவர்களும் உள்ளூர் மக்களே. இவர்களுடைய பெயர்கள் நூலில் இடம்பெறாதது பெருங்குறையாகும்.

ரசல் தாம் விவரித்த பாம்புகளுக்கு இலத்தீனில் இருசொற்பெயர் சூட்டவில்லை. ஊரார் வழங்கிய தெலுங்கு, தமிழ்ப் பெயர்களையே எழுதினார். அதனால் பெயரிட்ட பெருமை பிறரைச் சேர்ந்தது. கண்ணாடி விரியனுக்கு 1797-இல் சார்ச்சு சா ரசலின் பெயரை வைத்தார். இன்று அது டபோயா ரசலீ எனப்படுகின்றது. ஈழத்தில் இதனை முத்திரைப் புடையன் என்பர். ஆரணியிலிருந்து கிடைத்த சுருட்டை விரியனின் விவரத்தைக் கொண்டு சினைடர் 1801-இல் அதற்குப் பெயரிட்டார். கட்டுவிரியன் பேரினத்தின் பெயரான பங்காரசு, பொன்னைக் குறிக்கும் பங்காரம் என்ற தெலுங்குச் சொல்லிலிருந்து ரசலின் நூல்வழியே அறிவியலுக்குள் நுழைந்தது. இந்தியாவில் மிகுதியான உயிரிழப்பை உண்டாக்கும் நான்கு பாம்புகளும் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றுள்ளன.

வலக்கடியன்

இரண்டாம் தொகுதியில் கடற்பாம்புகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றை வலக்கடியன் என்னும் தமிழ்ப் பெயரால் ரசல் பதிந்தார். வலையோடு வந்து கடிக்கும் குணத்தால் ஏற்பட்ட வலைக்கடியன் என்ற பெயரே இவ்வாறு எழுதப்பட்டது எனக் கருதலாம். இப்பெயர் பின்னர் இலத்தீன் பெயராகவும் நெடுநாள் வழங்கியது. இப்பாம்பு கடலோரச் சேற்றுப்பகுதிகளிலும் கழிமுகங்களிலும் கெளிற்று மீன்களைத் தேடி உண்பது. துள்ளும் மீனைத் தப்பவிடாது உடனே செயலிழக்கச் செய்யவேண்டியிருப்பதால் இதன் நஞ்சு மிகக் கடுமையானது. நரம்பை முடக்குவதோடு தசைகளையும் அழிக்கும்.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னையின் மீனவர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. சோழமண்டலக் கரையெங்கும் இழுவலைகளில் கடற்பாம்புகள் சிக்குகின்றன. வலையைக் கொட்டி மீனைப் பிரிக்கும் கைகளே கடிபடக்கூடியவை. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதும் இல்லாததால் சிலர் அதைப் பொருட்படுத்தாமல் விடுவதுண்டு. இந்தியாவில் தயாராகும் நஞ்சுமுறி மருந்து நிலத்தில் வாழும் அந்நான்கு பாம்புகளுக்கானது. கடற்பாம்பின் நஞ்சை அது முறிக்காது.

இறுதிக்காலமும் பின்னரும்

இலண்டனில் ரசல் ஆய்வைத் தொடர்ந்தார். குழி விரியன்களின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவிலுள்ள குழி பற்றியும், நல்ல பாம்பு படமெடுக்கும் முறை பற்றியும் எவரார்டு ஓமுடன் 1804-இல் கட்டுரைகள் வெளியிட்டார். அக்குழி வெப்பத்தை உணரும் உறுப்பு என்பது 1930களில்தான் மெய்ப்பிக்கப்பட்டது. ரசல் மணம் செய்துகொள்ளவில்லை. 1805 சூலை 2 அன்று இலண்டனில் காலமானார்.

இவர் அஞ்சிய நஞ்சு பின்னாளில் மருத்துவத்திற்கும் பயன்பட்டது. 1934-இல் குருதி உறையாமை நோயாளிகளின் கசிவை நிறுத்த, நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சை மருத்துவர்கள் வெளிப்பூச்சாகப் பயன்படுத்தினர். உறைதல் கோளாறுகளைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை ஒன்றில் இந்நஞ்சு இன்றும் இடம்பெறுகின்றது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அந்நான்கு பாம்புகளின் நஞ்சை எடுத்து மருந்து உற்பத்திக்கு வழங்கிவருகின்றது. பாம்புக்கடியைத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் கட்டாயம் அறிவிக்கப்படவேண்டிய நோயாக ஆக்கியது.