பாரா, போன் பூத்தா? ஒரு ஹோட்டல் லாபியில் திரும்பிய வாழ்க்கை!

உங்கள் வீட்டிலோ நட்பு வட்டத்திலோ யாராவது குடியை நிறுத்த ஓர் ஆதரவுக் குழுக் கூட்டத்துக்குப் போயிருக்கலாம். ஒரே ஒரு நாள் போய்ட்டு, இதெல்லாம் நமக்கு செட் ஆகாது என்று நின்றும் போயிருக்கலாம். ஏன், அது நீங்களாகவேகூட இருக்கலாம். அப்படியென்றால் பில் வில்சனின் கதை உங்களுக்குத்தான். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இவர். சரியான கூட்டம் இவருக்கும் எடுத்தவுடனே கிடைத்துவிடவில்லை.

1895-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர் பில். பெற்றோர் பிரிந்துவிட, தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். முதல் உலகப்போர் சமயத்தில் ராணுவ அதிகாரி. அப்போது ஒரு விருந்தில்தான் முதல் கிளாஸ். கூச்ச சுபாவம் கொண்ட பில்லுக்கு, அந்த கிளாஸ் உள்ளே போனதும் எல்லோரோடும் சகஜமாகப் பேச முடிந்தது. வினையும் அங்கேயே ஆரம்பித்தது.

1918-ல் லோயிஸைத் திருமணம் செய்தார். நியூயார்க் பங்குச் சந்தையில் நன்றாகவே சம்பாதித்தார். 1929-ல் சந்தை சரிந்தது. பணம் போனது, குடி போகவில்லை. மனைவி டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வேலை பார்க்க, குடும்பம் மாமனார் வீட்டில் ஓடியது. பைபிளில் கைப்பட சத்தியம் எழுதிக் கொடுப்பார், அடுத்த சில நாள்களிலேயே அதை மீறுவார். இந்தக் காட்சி நமக்கும் புதுசில்லையே!

டவுன்ஸ் மருத்துவமனையில் திரும்பத் திரும்ப சேர்க்கப்பட்டார். அங்கே டாக்டர் சில்க்வொர்த் ஒரு விஷயத்தைப் புரியவைத்தார். இது ஒழுக்கக்கேடு இல்லை, நோய். 1934 டிசம்பரில் கடைசியாக அங்கே சேர்ந்த பில், அதன்பிறகு குடிக்கவே இல்லை.

குடியை நிறுத்திய நண்பர் எபி மூலம் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போனார். அந்த உற்சாகத்தில், கண்ணில் பட்ட குடிநோயாளிகளுக்கெல்லாம் உபதேசம் செய்தார். சுமார் ஐந்து மாதம் முயன்றும் ஒருவர்கூடத் தேறவில்லை. உபதேசத்தை விட்டுவிட்டு முதலில் நோயைப் பற்றிப் பேசச் சொன்னார் சில்க்வொர்த். நீங்களாவது குடிக்காமல் இருக்கிறீர்களே என்று நினைவூட்டினார் லோயிஸ்.

1935 மே மாதம், தொழில் விஷயமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரான் நகருக்குப் போனார். போன காரியம் தோல்வி. கையில் காசில்லை. மேஃப்ளவர் ஹோட்டல் லாபியில் ஒரு பக்கம் பார், அங்கிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், சர்ச்சுகளின் பட்டியல். பில் போனை எடுத்தார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். ஒரு பாதிரியார் சில பெயர்களைக் கொடுக்க, அந்தத் தொடர்பு ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் கொண்டுபோய்விட்டது.

மறுநாள், மே 12, அன்னையர் தினம். ஹென்ரியட்டாவின் வீட்டில் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அறுவை சிகிச்சை நிபுணர், ஆனால் தீவிரக் குடிநோயாளி. 15 நிமிஷம்தான் இருப்பேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், ஆறு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் கூட்டங்களுக்கு டாக்டர் பாப் அதற்கு முன்பே இரண்டு வருடங்களுக்கும் மேலாகப் போய்க்கொண்டிருந்தார். குடி நிற்கவில்லை. அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால், அவர் பட்ட பாட்டைத் தானும் பட்டவராக ஒருவர் பேசியது அன்றைக்குத்தான். நடுவில் ஒருமுறை சறுக்கினாலும், 1935 ஜூன் 10-க்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

நியூயார்க் திரும்பிய பில், புரூக்ளின் வீட்டிலேயே செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் நடத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப்பின் கறாரான அணுகுமுறை குடிநோயாளிகள் பலருக்கு ஒத்துவரவில்லை. 1937-ல் நியூயார்க் குழு தனியாகப் பிரிந்தது. பிற்பாடு உறுப்பினராக ஒரே தகுதிதான் வைத்தார்கள், குடியை நிறுத்தும் ஆசை. கட்டணம் கிடையாது. குடும்பத்தினருக்காக அல்-அனான் 1951-ல் உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் லோயிஸ்.

ஆக, முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் குடிநோயிலிருந்து மீளவே முடியாது என்று முடிவுகட்டாதீர்கள். வேறு நாள், வேறு குழு என்று சில இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் வரக்கூடிய திறந்த கூட்டங்கள் உண்டு. குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டங்களும் உண்டு. யாருடைய பேச்சில் உங்கள் கதை கேட்கிறதோ, அங்கே உட்காருங்கள். இன்னொன்று, தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். பில்லும் மருத்துவமனை வழியாகத்தான் வந்தார்.

அவர் புனிதர் இல்லை. சிகரெட்டை வெகுகாலம் விடவில்லை, நுரையீரல் நோய் முற்றியது. குடிக்காமல் 36 வருடங்கள் கடந்த பிறகும், படுக்கையில் கடைசி வாரங்களில் விஸ்கி கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. 1971 ஜனவரி 24, தன் 53-வது திருமண நாளில் காலமானார்.

அத்தனை வருடம் கழித்தும் அந்தத் தாகம் அவரை விடவில்லை. நேற்று நிறுத்தியவருக்கு இன்று அது எட்டிப் பார்த்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்று அந்த லாபியில் பில் செய்ததைச் செய்யுங்கள். போனை எடுங்கள்.