கையில் கடிகாரம் கொண்டு ஓடியவர்

நம் கல்லூரி மைதானத்தில் ஓடும் நண்பர்கள் அருகில் வருபவனைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பின்லாந்து வீரர் பாவோ நூர்மி பார்த்ததோ தம் கையிலிருந்த ஸ்டாப் வாட்சை!

1897-இல் துர்க்கு நகரில் தச்சர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார் நூர்மி. 1910-இல் தந்தை மறைந்தார். சமையலறையையும் வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பம் ஒரே அறையில் ஒண்டியது. சிறுவன் படிப்பை விட்டு, ரொட்டிக் கடை எடுபிடியாக மேட்டுத் தெருக்களில் பாரவண்டி தள்ளினான். (என் தந்தையும் ஆறாம் வகுப்போடு மூட்டை தூக்கப் போனவர். அதனால்தானோ என்னவோ, பதக்கங்களைவிட அந்த வண்டியே என் மனத்தில் நிற்கிறது.) 1912 ஒலிம்பிக்கில் தம் நாட்டு ஹன்னஸ் கோலெஹ்மைனென் மூன்று தங்கம் வென்ற செய்தி அச்சிறுவனை ஓட வைத்தது.

1920-இல் ஆண்ட்வெர்ப்பில் மூன்று தங்கம் வென்றும், 5,000 மீட்டரில் பிரான்சின் கியோமோவிடம் தோற்றார். தூரம் முழுவதும் ஒரே சீரான வேகம் என்பதே நூர்மி கைக்கொண்ட வழி.

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1,500, 5,000 மீட்டர் இறுதிப் போட்டிகள் ஒரே நாளில், ஒரு மணிக்கும் குறைந்த இடைவெளியில் வந்தன. நூர்மி என்ன செய்தார்? மூன்று வாரங்களுக்கு முன்பே ஹெல்சிங்கியில் இரண்டையும் அடுத்தடுத்து ஓடிப் பார்த்தார். 3 நிமிடம் 52.6 விநாடி, 14 நிமிடம் 28.2 விநாடி. இரண்டுமே உலக சாதனை! பின்னதை வகுத்துப் பார்த்தேன்: ஒவ்வொரு 400 மீட்டருக்கும் ஏறத்தாழ 69½ விநாடி. ‘வெல்ல வேண்டும்’ என்று ஆசைப்படலாம். பயிற்சிக்கு இறங்க இப்படி ஓர் எண் வேண்டும். பாரிஸில் கடைசிச் சுற்று வந்ததும் கடிகாரத்தைப் புல்லில் எறிந்துவிட்டு ஓடினார்; இரண்டு தங்கமும் அவருக்கே. அந்த ஒலிம்பிக்கில் மொத்தம் ஐந்து.

10,000 மீட்டரில் மட்டும் நாட்டு அதிகாரிகளே அவரை ஓடவிடவில்லை. ஊர் திரும்பி, அதே ஆண்டு ஆகஸ்டில் அத்தூரத்திலும் உலக சாதனை படைத்தார்.

மாரத்தான் தங்கத்தோடு ஓய்வுபெற வேண்டும் என்பதே அவருடைய கடைசி இலக்கு. பணம் பெற்று ஓடினார் என்று குற்றஞ்சாட்டி 1932-இல் ஒலிம்பிக்கிலிருந்து விலக்கினர். அந்த எண்ணம் ஈடேறவில்லை. எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், 55 வயதில், தீபத்துடன் மைதானத்துக்குள் ஓடிவந்து சுடரேற்றினார். கோபுர உச்சியில் தீபம் ஏற்றியவர் கோலெஹ்மைனென். 1973-இல் நூர்மி காலமானார்.