மடமைக்குப் பெயரான மாமேதை



பாடம் ஏறாத பிள்ளையை நாம் ‘மக்கு’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘டன்ஸ்’ என்பார்கள். அத்தகைய பிள்ளையின் தலையில் கூம்புத் தொப்பியைக் கவிழ்த்து, வகுப்பின் மூலையில் நிறுத்தும் வழக்கமும் ஆங்கிலேயப் பள்ளிகளில் ஒரு காலத்தில் இருந்தது. அந்த வசைச்சொல், திருச்சபையின் தலைசிறந்த இறையியலாளர்களுள் ஒருவரான அருளாளர் ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் அவர்களின் பெயரிலிருந்து பிறந்தது என்றால் நம்ப முடிகிறதா?

ஸ்காட்லாந்து நாட்டின் டன்ஸ் என்னும் ஊரில் 1266-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் இவர். புனித பிரான்சிஸ் அசிசியாரின் சபையில் சேர்ந்து, 1291, மார்ச் 17 அன்று குருவாக அருள்பொழிவு பெற்றார். ஆக்ஸ்போர்டிலும் பாரீசிலும் இறையியல் கற்பித்தார். நுணுக்கமான சிந்தனையால் ‘நுண்ணறிவு மறைவல்லுநர்’ என்று போற்றப்பட்டார்.

1303-இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப்புக்கும் திருத்தந்தை எட்டாம் போனிப்பாசுக்கும் மோதல் முற்றியது. மன்னரின் பக்கம் சேர மறுத்த துறவியருள் இவரும் ஒருவர். எனவே பாரீசை விட்டு வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து பணியைத் தொடர்ந்தார்.

அன்னை மரியாவும் மீட்கப்பட வேண்டியவர்தானே, அவர் எப்படிப் பாவமின்றி உற்பவித்திருக்க முடியும் என்று புனித தாமஸ் அக்குவினா போன்ற பேரறிஞர்களே தயங்கிய காலம் அது. ஸ்கோட்டஸ் விடை கண்டார். குழியில் விழுந்தவரைத் தூக்கிவிடுவதைவிட, விழாமலே தாங்கிக்கொள்வது மேலான உதவி அல்லவா? அதுபோல, கிறிஸ்துவின் மீட்பே வருங்காலப் பேறுபலன்களை முன்னிட்டு மரியாவை ஜென்மப்பாவம் தீண்டாமல் காத்தது என்றார். 1854, டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அமல உற்பவத்தை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார்.

ஆனால் ஸ்கோட்டஸ் அதைக் காணவில்லை. 1308, நவம்பர் 8 அன்று, நாற்பத்திரண்டு வயதளவில், ஜெர்மனியின் கொலோன் நகரில் இறந்தார். 16-ஆம் நூற்றாண்டில் புதிய கல்வியை விரும்பியோரும் சீர்திருத்தவாதிகளும், அவருடைய வழிவந்தோரைப் பழமையில் ஊறியவர்கள், வீண் வாதம் செய்பவர்கள் என்று எள்ளினர். ‘டன்ஸ்’ என்ற பெயர் மெல்ல மெல்ல மூடனைக் குறிக்கலாயிற்று. ஆக்ஸ்போர்டில் அவர் நூல்களின் தாள்கள் கிழிக்கப்பட்டுக் காற்றில் பறந்தன.

உலகம் கொடுத்த பெயரை இறைவன் ஏற்கவில்லை. 1993, மார்ச் 20 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்குரிய அருளாளர் வணக்கத்தை உறுதிப்படுத்தினார்.

ஒவ்வொரு படைப்புக்கும் வேறெதற்கும் இல்லாத தனித்தன்மை உண்டு என்று கற்பித்தவர் இவர். அவர் பெயராலேயே எத்தனையோ பிள்ளைகளின் தனித்தன்மையை மறைத்துவிட்டார்கள் என்பது வேதனை. நாம் மட்டும் என்ன செய்கிறோம்? மதிப்பெண் குறைந்த மகனை, மறைக்கல்வியில் பதில் சொல்லத் தெரியாத சிறுமியை, எந்தப் பெயரிட்டு அழைக்கிறோம்? சகோதரரை அறிவிலி என்பவரை ஆண்டவர் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார் என்பதை நாம் அறிவோம். நம் வாயில் அடுத்த முறை ‘மக்கு’ என்ற சொல் வரும்போது, இந்த அருளாளரை நினைத்து அதை விழுங்கிவிடுவோம். அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அன்போடு அழைப்போம்.