ஔவை இல்லம் கண்ட அம்மையார்

1929ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பங்குச் சந்தை வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தம் சென்னை மாகாணத்தையும் வருத்திற்று. நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. உழவர் கையில் பணமில்லையெனில் பட்டாடை கொள்வார் யார்? ஆரணி போன்ற நெசவூர்களில் தறி நின்றால் அடுப்பும் எரியாது. அதனை முதலில் அறிவது குழந்தையின் வயிறே. நல்ல காலத்திலும் புகலிடமற்ற சிறுமியர் அந்நாளில் என் செய்வர்? அன்னோர்க்குத் தம் வீட்டையே புகலிடமாக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அங்கிருந்த மன்னர் கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், கோயிற்பணிக்கெனச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நிலவிய மரபினர். ஆதலின், அவ்வழக்கத்தின் துயரை அம்மையார் நூலிற் படித்து அறிந்தாரல்லர். ஆடவரே பயின்ற அக்கல்லூரியில் மன்னரின் இசைவு பெற்றுச் சேர்ந்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவரானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே அயராது வாதாடினார். காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930இல் அப்பதவியைத் துறந்தார்.

அக்காலத்தில், அவ்வழக்கத்தினின்று தப்பிய இளம்பெண்கள் மூவர் அம்மையாரின் வாயிலில் வந்து நின்றனர். சென்னையில் மாணவியர் விடுதிகள் இல்லாமலில்லை. ஆனால் அவை பிராமணர்க்கு வேறு, பிராமணரல்லாதார்க்கு வேறு எனப் பிரிந்து கிடந்தன. இப்பெண்களை ஏற்க அவ்விரண்டுமே மறுத்தன. கதவை அடைத்தது வறுமையன்று. பிறப்பைப் பற்றிய எண்ணமே. சட்டம் ஒரு சிறுமியைக் கோயிலிலிருந்து விடுவிக்கலாம். அன்றிரவு அவள் தலைசாய்க்க ஓரிடத்தை அது தந்துவிடுமோ? அம்மையார் மூவரையும் தம் இல்லத்திலேயே இருத்திக்கொண்டார். அதுவே 1930-31இல் ஔவை இல்லமாக உருப்பெற்றது.

செல்வர் கையும் சுருங்கிய காலத்தில் அத்தகைய இல்லத்தை நடத்துதல் எளிதன்று. சோறு, துணி, மருந்து, பாடநூல் என நாள்தோறும் வேண்டுவன பல. கணவர் டாக்டர் சுந்தர ரெட்டி துணைநின்றார். வந்த குழந்தையின் சாதியை அங்கு எவரும் வினவவில்லை. உணவிட்டுப் பூட்டிவைக்கும் இடமாக அன்றி, கல்வியும் கைத்தொழிலும் கற்பிக்கும் வீடாக அம்மையார் அதனை வளர்த்தார். பின்னர் அது அடையாற்றுக்கு மாறியது.

பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் முழுச் சட்டம் 1947இல்தான் நிறைவேறிற்று. அதற்குள் ஔவை இல்லத்துச் சிறுமியருட் சிலர் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் பணியேற்றிருந்தனர். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் தோற்றுவித்த அம்மையார், 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் இயற்கை எய்தினார். ஔவை இல்லம் இன்றும் இயங்கி வருகிறது.