வாரிசு இல்லாத தலைவரின் வாரிசுகள்

மன்னராட்சியை வேண்டாமென்று ஒதுக்கிய அமெரிக்க நாட்டிலும் அரசியலைக் குடும்பச் செல்வமாகக் கொண்டவர்கள் உண்டு. கென்னடி குடும்பத்தை உலகமே அறியும். தந்தை ஜோசப் பெருஞ்செல்வர். பிரிட்டனில் தூதுவராக இருந்தவர். மகன் ஜான் 1961இல் குடியரசுத் தலைவரானார். தம்பி ராபர்ட் அண்ணனின் அமைச்சரவையிலேயே இடம் பெற்றார். இளையவர் எட்வர்டு 2009இல் மறையும்வரை செனட் உறுப்பினராக விளங்கினார். புகழோடு துயரமும் அக்குடும்பத்தைத் தொடர்ந்தது. ஜான் 1963இலும் ராபர்ட் 1968இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

நம் கரிசல் மண்ணில் பிறந்த தலைவர் ஒருவரோ இதற்கு நேர்மாறான வழியில் நடந்தார். அவர்தாம் பெருந்தலைவர் காமராசர்.

1903 சூலை 15ஆம் நாள், அந்நாளில் விருதுப்பட்டி எனப்பட்ட விருதுநகரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். படிப்பை இடையில் நிறுத்திவிட்டு மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். விடுதலைப் போர் அவரைக் கடையிலிருந்து வீதிக்கு அழைத்தது. சிறையில் கழிந்த காலம் மட்டும் எட்டு ஆண்டுகளுக்கும் மேல். திருமணத்தைப் பற்றி அவர் எண்ணவேயில்லை.

1954இல் முதலமைச்சரானபோது உறவினருக்கு அவர் அமைச்சரவையில் இடமில்லை. தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்திற்கும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்திற்கும் இடம் கொடுத்தார். மகன் நாட்டை ஆண்டபோதும் அன்னை சிவகாமி விருதுநகரின் பழைய வீட்டிலேயே எளிய வாழ்வு வாழ்ந்தார். பெற்ற தாய்க்கு இது தாங்க எளிதான செய்தியா? அந்தத் தியாகத்தில் அன்னைக்கும் பெரும்பங்கு உண்டு.

தமக்கு எட்டாத கல்வி பிறர்க்கு எட்ட வேண்டும் என்பதே அவர் நோக்கமாயிற்று. ஊர்தோறும் பள்ளிகள் எழுந்தன. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. தீப்பெட்டிக் கட்டை அடுக்கிக் கூலி பெற்ற சிவகாசி வட்டாரக் குழந்தைக்கு, பள்ளிக்குப் போனால் ஒரு வேளைச் சோறு உண்டு என்ற நிலை வந்தது. அதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. 1980களிலும் விடியுமுன் ஆலைப் பேருந்தில் ஏறிய பிஞ்சுகளை இவ்வட்டாரம் கண்டது. ஆயினும் வழி திறந்தது அன்றுதான்.

1963 அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். அனைத்திந்தியக் காங்கிரசின் தலைவராகி, 1964இல் லால் பகதூர் சாஸ்திரியையும் 1966இல் இந்திரா காந்தியையும் பிரதமராக்குவதில் முன்நின்றார். தாம் அப்பதவியை நாடவில்லை.

1967இல் பிறந்த ஊரான விருதுநகரே அவரைத் தோற்கடித்தது. மாணவர் தலைவராயிருந்த சீனிவாசன் என்னும் இளைஞர் 1,285 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். பள்ளிகளைத் திறந்தவரை ஒரு மாணவர் வென்றது விந்தைதான். குடும்பச் செல்வாக்கின்றி ஓர் இளைஞர் பெருந்தலைவரையும் எதிர்த்து வெல்லலாம் என்பதன்றோ மக்களாட்சி! மக்கள் தீர்ப்பை அவர் அமைதியாக ஏற்றார்.

1975 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளிலேயே, சென்னை வாடகை வீட்டில் மறைந்தார். அரசியல் வாரிசு என்று எவரையும் விட்டுச் செல்லவில்லை. மறு ஆண்டு பாரத ரத்னா விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

மாணவ நண்பர்களே! நம்முள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். அவருடைய சொத்து பங்கு பிரிக்கப்பட்டிருப்பது நம்மிடந்தான். வாரிசுரிமை என்றால் கடமையும் உண்டு. சூலை 15இல் சிலைக்கு மாலை சூட்டுவதோடு அது முடிவதில்லை. நம் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளை ஒன்றிருந்தால், அதன் கைப்பிடித்து மீண்டும் பள்ளியில் சேர்ப்போம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் வாரிசுக் கடன்.