இராஜபாளையம் தந்த முதலமைச்சர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்

விஜயநகரப் பேரரசின் காலத்திலும் அதன் பின்னரும் தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தோர் பலர். அவர்களுள் ராஜுக்கள் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நிலைத்தனர். அவர்கள் பெயரால் விளங்குவதே இராஜபாளையம். தலைமுறைகள் பல கடந்தும் வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசினர். பழைய வீட்டுப் பெயர்களையும் விடவில்லை. அவற்றுள் ஒன்று பூசபாடி. விசாகப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள விஜயநகரம் சமஸ்தான மன்னர்களுக்கும் அதுவே வீட்டுப் பெயர்.

அந்தப் பூசபாடி வீட்டில் 1898-ல் பிறந்தவர் பி. எஸ். குமாரசுவாமி ராஜா. பிறந்த சில நாட்களில் தாயையும், மூன்றாம் வயதில் தந்தையையும் இழந்தார். பாட்டியே அவரை வளர்த்து ஆளாக்கினார். வளர்ந்தபின் காந்தியடிகளின் வழியை ஏற்று, விடுதலைப் போரில் சிறை சென்றார்.

1949 ஏப்ரலில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பின் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் அன்று அம்மாகாணத்தில் அடங்கியிருந்தன. முன்னோர் விட்டு வந்த தெலுங்கு மண்ணும், அவர்கள் வந்து சேர்ந்த தமிழ் மண்ணும் ஒருங்கே அவர் ஆட்சியின்கீழ் இருந்தன! 1950-ல் இந்தியா குடியரசான போதும் அவரே முதலமைச்சர்.

ஆனால் 1952 பொதுத்தேர்தலில் அண்டை ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் போட்டியிட்டுத் தோற்றார். மாகாணத்தை ஆண்டவரைச் சொந்த வட்டாரமே ஏற்கவில்லை. பதவியும் போயிற்று. 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். முன்னோர் தெற்கே வந்தனர். அவர் அந்த விஜயநகரத்தையும் தாண்டி வடக்கே சென்றார். 1957-ல் மறைந்தார்.

தோற்கடித்த மக்களிடம் அவர் மனக்கசப்புக் கொண்டிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே ஊருக்கு வழங்கினார். அதுவே காந்தி கலை மன்றம்.

நண்பர்களே, மில் வேலை தேடி இவ்வூருக்கு வந்தவர் என் தாத்தா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வந்தவர்களுக்கு இந்த ஊரில் என்ன உரிமை என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். முன்பெல்லாம் தலைகுனிந்து நகர்ந்துவிடுவேன். இப்போது குமாரசுவாமி ராஜாவை நினைத்துக்கொள்கிறேன். எத்தனை தலைமுறையாக ஓர் ஊரில் இருக்கிறோம் என்பதைவிட, அந்த ஊருக்கு எதைக் கொடுத்தோம் என்பதே பெரிது. கொடுப்பதற்கு எங்களிடம் வீடு இல்லை; வாடகை வீடுதான். நான் படிக்கும் படிப்பு இருக்கிறது. அது இந்த ஊருக்குப் பயன்பட வேண்டும்.