மின்னலுக்கு வடிகால் வெட்டிய மேதை

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், மோஹாக் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சிறிய மரவீடு இருந்தது. 1920-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு கோடை மழையின்போது அங்கே இடி விழுந்தது. பக்கத்தில் நின்ற மரம் பிளந்தது. வீட்டுக்குள் இருந்த சாமான்கள் சிதறின. நிலைக்கண்ணாடி சுக்குநூறாக உடைந்தது.

வேறு யாராக இருந்தாலும் உடைந்த கண்ணாடியைப் பெருக்கி வெளியே கொட்டியிருப்பார்கள். அந்த வீட்டுக்காரர் அப்படிச் செய்யவில்லை. சில்லு சில்லாகச் சேர்த்து, பழையபடி பொருத்தினார். மின்னல் அந்தக் கண்ணாடியில் எந்த வழியாகப் புகுந்தது, எந்த வழியாக ஓடியது என்று உற்றுப் பார்த்தார்.

அவருடைய உயரம் ஏறக்குறைய நாலடி. முதுகில் கூன். வாயில் எப்போதும் சுருட்டு. அவர்தான் மின்சார மேதை சார்லஸ் ஸ்டெயின்மெட்ஸ்.

தாயை இழந்த குழந்தை

ஸ்டெயின்மெட்ஸ் 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ந்தேதி பிரெஸ்லா நகரத்தில் பிறந்தார். அன்று அது பிரஷ்யாவைச் சேர்ந்த ஊர். இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை ரெயில்வேயில் அச்சு வேலை பார்த்தவர்.

பிறவியிலேயே குழந்தைக்கு முதுகு வளைந்திருந்தது. தந்தைக்கும் பாட்டனாருக்கும் அதே குறை உண்டு. குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது தாய் இறந்துவிட்டார்.

உடம்பில் குறை இருந்தது. மூளையில் குறை இல்லை. 1883-ல் பிரெஸ்லா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணிதத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மாணவர்கள் அவருக்குப் புரோட்டியஸ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அது கிரேக்கக் கதையில் வரும் ஒரு கடல் தெய்வத்தின் பெயர். பின்னாளில் அதையே அவர் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

அப்போது ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சி நடந்தது. பொதுவுடைமைக் கருத்துகளைப் பேசியவர்களைப் போலீஸ் தேடியது. ஸ்டெயின்மெட்ஸும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். டாக்டர் பட்டம் கைக்கு எட்டும் சமயத்தில், 1888-ல், ஊரை விட்டு ஓடினார். சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

துறைமுகத்தில் சோதனை

1889-ல் நண்பர் ஆஸ்கர் அஸ்முசனுடன் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். அவருக்கு வயது 24. கையில் காசு இல்லை. ஆங்கிலம் சரியாக வராது.

துறைமுக அதிகாரிகள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். உழைத்துப் பிழைக்க முடியாதவர் என்று நினைத்து, திருப்பி அனுப்பத் தயார் ஆனார்கள். அஸ்முசன் குறுக்கிட்டு, நண்பருக்குத் தாம் பொறுப்பு என்று உறுதி கொடுத்தார். அதன் பிறகே வழி கிடைத்தது.

அன்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால், அமெரிக்கா தன் மிகப் பெரிய மின்சார நிபுணர்களில் ஒருவரை இழந்திருக்கும்.

யாங்கர்ஸ் என்ற ஊரில், ருடால்ப் ஐக்மையர் என்பவரின் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. மோட்டாரிலும் டிரான்ஸ்பார்மரிலும் உள்ள இரும்பு ஏன் சூடாகிறது, எவ்வளவு மின்சாரம் அதில் வீணாகிறது என்று அவர் ஆராய்ந்தார். 1892-ல் அதற்கு ஒரு கணக்கு விதியை வெளியிட்டார். எந்திரத்தைச் செய்வதற்கு முன்பே, அதில் ஏற்படும் இழப்பைக் காகிதத்தில் கணக்கிட அது உதவியது.

அடுத்த ஆண்டு ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்தார். 1894-ல் கம்பெனியுடன் ஸ்கெனக்டடி நகரத்துக்குக் குடி வந்தார். கடைசி வரை அதுவே அவருடைய ஊர்.

சிக்கலை அவிழ்த்த கணக்கு

நம் வீடுகளுக்கு வருவது மாறு மின்னோட்டம். ஒரு விநாடிக்குள் பல முறை அது திசை மாறி ஓடும். நீண்ட தூரம் கம்பியில் போகும்போது வோல்டேஜ் எவ்வளவு குறையும், எங்கே ஏறும் என்று கணக்கிடுவது அந்தக் காலத்தில் பெரிய தலைவலி.

ஸ்டெயின்மெட்ஸ் 1893-ல் சிகாகோ மாநாட்டில் ஒரு புதிய முறையை எடுத்துரைத்தார். கணிதத்தில் கற்பனை எண் என்று ஒரு வகை உண்டு. அதைப் பயன்படுத்தி, மிகக் கடினமான அந்தக் கணக்கைக் கூட்டல், பெருக்கல் அளவுக்கு எளிதாக்கினார். இன்றும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் படிப்பது அந்த முறைதான்.

கரை உடைக்கும் வெள்ளம்

ஆனால் ஒரு பகை மிச்சம் இருந்தது. அதுதான் திடீர் வோல்டேஜ்.

பாய்ந்து வரும் வாய்க்காலைச் சட்டென்று அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் எகிறும், கரை உடையும். மின்சாரமும் அப்படித்தான். பெரிய மோட்டாரைத் திடீரென்று நிறுத்தினால், கம்பியில் வோல்டேஜ் ஒரு கணம் துள்ளி எழும். இடி விழுந்தாலோ கேட்கவே வேண்டாம். பல லட்சம் வோல்ட் கம்பியில் அலையாக ஓடும். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடி, டிரான்ஸ்பார்மருக்குள் புகும். சுருள் கம்பிகளுக்கு நடுவில் உள்ள காப்பு உறையைத் துளைக்கும். எந்திரம் எரியும், ஊரே இருட்டாகும்.

இந்தக் கண நேரத் துள்ளலை ஸ்டெயின்மெட்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1909-ல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

வெள்ளத்தைத் தடுக்க எவ்வளவு உயரத்துக்குக் கரை கட்டுவது? அதற்கு முடிவே இல்லை. அதனால்தான் ஏரிக்குக் கலிங்கு வைக்கிறார்கள். தண்ணீர் அளவோடு இருக்கும் வரை கலிங்கு சும்மா இருக்கும். அளவு மீறினால், மிஞ்சிய தண்ணீர் அதன் வழியாக வெளியேறும். அளவு குறைந்ததும் தானே நின்றுவிடும்.

மின்கம்பிக்கு வைக்கும் கலிங்குதான் லைட்னிங் அரெஸ்டர். வோல்டேஜ் அளவோடு இருந்தால் அது வழி விடாது. அளவு மீறினால் ஒரு நொடியில் திறந்து, மிஞ்சியதைத் தரைக்கு அனுப்பும். உடனே மூடிக்கொள்ளும். மூடுவதுதான் கஷ்டமான வேலை. மூடாவிட்டால், மின்னலின் பின்னாலேயே மின்நிலையத்தின் மின்சாரமும் தரைக்குப் போய்விடும்.

அந்தக் காலத்தில் அலுமினியத் தட்டுகளைத் திரவத்தில் வைத்து அரெஸ்டர் செய்தார்கள். தட்டின் மேல் படியும் மெல்லிய ஆடை சுமார் 300 வோல்ட் வரை தடுக்கும். அதற்கு மேல் வழி விடும். வோல்டேஜுக்கு ஏற்றபடி தட்டுகளை அடுக்கினார்கள். ஆனால் அந்த ஆடை கரைந்துவிடும். தினமும் மின்சாரம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும்.

எந்த அரெஸ்டர் நல்லது என்று சோதிக்க வேண்டுமானால் மின்னல் வேண்டும். வானத்து மின்னலோ யார் சொல்லையும் கேட்டு வருவதில்லை.

அறைக்குள் ஒரு மின்னல்

உடைந்த கண்ணாடி அவரைத் தூங்கவிடவில்லை. மின்னலைத் தாமே உண்டாக்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்.

பெரிய பெரிய மின்தேக்கிகளை ஒன்றாக இணைத்தார். தொட்டியில் தண்ணீர் நிரப்புவதுபோல் அவற்றில் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினார். பிறகு ஒரே கணத்தில் திறந்துவிட்டார். 1,20,000 வோல்ட். 10,000 ஆம்பியர். ஒரு விநாடியை ஒரு லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு நேரம். அந்த ஒரு கணத்தில் வெளிப்பட்ட சக்தி பத்து லட்சம் குதிரை சக்திக்கும் மேல்!

1922-ல் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் இதை நடத்திக் காட்டினார். காது செவிடுபடும் சத்தம். கனத்த மரத்துண்டு வெடித்துச் சிதறியது. அதே ஆண்டு அக்டோபரில் தாமஸ் எடிசனும் நேரில் வந்து பார்த்தார்.

மின்னலை மனிதன் ஆண்டுவிட்டான் என்று பத்திரிகைகள் எழுதின. ஸ்டெயின்மெட்ஸின் நோக்கம் வேடிக்கை அல்ல. வேண்டும்போதெல்லாம் செயற்கை மின்னலை ஏவி, அரெஸ்டர் தாங்குகிறதா என்று பார்க்கலாம். வானத்தை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்த காலம் போய், சோதனைக்கூடத்தில் அளந்து பார்க்கும் காலம் வந்தது.

பேரக்குழந்தைகளின் தாத்தா

ஸ்டெயின்மெட்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்முடைய கூன் தம் பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்று அஞ்சினார். பெரிய வீட்டில் தனியாக வாழ்ந்தார்.

அவரிடம் ஜோசப் ஹேடன் என்ற இளைஞர் உதவியாளராக இருந்தார். ஹேடனுக்குத் திருமணம் ஆனதும், தம்பதிகளைத் தம் வீட்டிலேயே வந்து இருக்கும்படி அழைத்தார். மணப்பெண் ஒரு நிபந்தனை போட்டார். எவ்வளவு வேலை இருந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்கு மேஜைக்கு வந்துவிட வேண்டும் என்பதே அது. மேதை தலையாட்டினார்.

பிறகு ஹேடனைச் சட்டப்படி மகனாக ஏற்றுக்கொண்டார். மூன்று பேரக்குழந்தைகள் வந்தார்கள். வெறிச்சோடிக் கிடந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. குழந்தைகளுக்குக் கதை சொல்வதும், சோதனைகள் செய்து காட்டுவதும் தாத்தாவுக்குப் பிடித்த வேலை.

ஊர்க் குழந்தைகளையும் அவர் மறக்கவில்லை. ஸ்கெனக்டடி நகரக் கல்விக் குழுவின் தலைவராகப் பணியாற்றினார். யூனியன் கல்லூரியில் பாடமும் நடத்தினார்.

1923-ல் குடும்பத்தோடு அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குச் சுற்றுப்பயணம் போனார். திரும்பி வந்த சில நாட்களில், அக்டோபர் 26-ந்தேதி காலை, அவர் உயிர் பிரிந்தது. வயது 58. அவர் பெயரில் சுமார் 200 காப்புரிமைகள் இருந்தன.

இன்று நம் வீட்டில்

அலுமினியத் தட்டுகள் பழங்கதை ஆகிவிட்டன. 1970-களிலிருந்து துத்தநாக ஆக்சைடில் செய்த அரெஸ்டர்கள் பரவின. தெருவோர டிரான்ஸ்பார்மரின் மேலே வரிசையாக நிற்பவை அவைதாம். டெலிவிஷன், கம்ப்யூட்டருக்கு வாங்கும் சர்ஜ் புரொடெக்டருக்குள்ளும் அதே பொருளில் செய்த சின்ன வில்லை இருக்கிறது.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வோல்டேஜ் மெதுவாக ஏறி இறங்கினால், அதைச் சீராக்குவது ஸ்டெபிலைசர். கண நேரத்தில் துள்ளும் வோல்டேஜைத் தரைக்குத் தள்ளுவது அரெஸ்டர். ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது. வீட்டில் எர்த் கம்பி சரியாக இல்லையென்றால், வெள்ளம் போக வாய்க்கால் இல்லாத கலிங்குபோல் ஆகிவிடும். பக்கத்தில் விழும் பேரிடியைச் சின்ன வில்லை தாங்காது. இடி மின்னல் வருவதற்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் நல்லது.

ஸ்டெயின்மெட்ஸின் மரவீட்டைப் பின்னாளில் ஹென்றி போர்டு வாங்கி, மிச்சிகன் மாநிலத்தில் தாம் அமைத்த கிரீன்பீல்டு கிராமத்தில் நிறுத்தினார். உழைக்க முடியாதவர் என்று துறைமுகத்தில் தடுக்கப்பட்ட மனிதரின் வீட்டை, இன்று ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிறார்கள்.